கலையாத அணிவகுப்பு

நைல் நதி இரண்டாகப் பிரிந்து கடலுக்குப் போகிற வழியில், கிழக்குக் கிளையின் கரையில், மினியத் ஸெய்த் என்று ஒரு நகரம் இருந்தது. பேரீச்சை சிவக்கத் தொடங்கிய ஒரு மாதத்தில் அந்த நகரத்துப் படைமுகாமில் தளபதி வக்தி ஷர்னூபி பணி ஓய்வு பெற்றார். ஓய்வு பெறுகிற அணிவகுப்பில், வாழ்நாளில் முதன்முறையாக, ஊரார் பார்க்க அழுதுவிட்டார். எல்லாம் அதிலிருந்து வந்த வினைதான்.

அவர் அந்த ஊர்ப் பிள்ளை. அப்பா ரயில்வே கேட் காவல்காரர். ஒருநாள் மாகாண ஆளுநரின் கறுப்புக் கார் அந்தக் கேட்டுக்கு முன்னால் நிற்க வேண்டி வந்தது. அப்பா ஓடிப்போய் சலாம் வைத்தார். உள்ளே இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் கை சலாமில் அப்படியே நின்றதைப் பார்த்த சின்ன வக்திக்கு ஆளுநர் மேல் கோபம் வரவில்லை, ஆசைதான் வந்தது. ஒருநாள் அந்தக் காரின் பின்சீட்டில் நான் உட்கார வேண்டும், இதே மாகாணத்துக்கு, இதே கேட் வழியாக, என்று அன்றைக்கு நினைத்ததை அவர் மனைவியிடம் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. எகிப்தில் தளபதிகள் ஓய்வு பெற்றால் ஆளுநராவது வழக்கம் என்பதால் அது அப்படியொன்றும் கிறுக்குத்தனமான ஆசையும் இல்லை.

அவருடைய சொத்து அவருடைய தொண்டை. கால்வாய்ப் போரில் மிதவைப் பாலத்தின் வாயிலில் லாரிகளும் டாங்கிகளும் புகைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றபோது, இளம் கேப்டன் வக்தி ஒரு பெட்ரோல் பீப்பாய் மேல் ஏறி நின்று குரல் கொடுத்தார். குண்டுச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் கேட்டது. லாரிகள் வரிசைக்கு வந்தன. அக்கரையிலிருந்த பெரிய அதிகாரி ஒருவர், யாரப்பா அது தொண்டை, என்று விசாரித்தார். அதற்குப் பிறகு குரல் முன்னால் ஏற, அவர் பின்னால் ஏறினார். படைப்பிரிவு, அதற்கு மேல் பெரிய படைப்பிரிவு, நடுவில் ஏதோ ஒரு குளிர்தேசத்தில் தூதரக வேலை, அங்கே யாரும் கத்தக் கூடாது என்பதால் உடம்புக்கு முடியாமல் போனது, திரும்பி வந்ததும் ஒரு பிராந்தியத்துக்கே தளபதி. சிப்பாயை அடித்தவர் என்று பெயர் இல்லை, சுருட்டினவர் என்றும் பெயர் இல்லை. அவரிடம் ஒரே ஒரு கோளாறு இருந்தது. நேராக நிற்கிற எதுவும் நன்றாக இருக்கிறது என்று நம்பினார்.

அந்தக் கடைசி அணிவகுப்பில் மேடை மேல் நின்று, 'இன்திபாஹ்!' என்றார். விறைத்து நில் என்று அர்த்தம். இதற்கு முன் எத்தனையோ முறை சொன்னதுதான், ஆனால் இனிமேல் சொல்லப் போவதில்லை என்பதால் இருந்த குரல் முழுவதையும் போட்டுச் சொன்னார். அது முகாமின் சுவரைத் தாண்டி, நதியைத் தாண்டி, சந்தையின் கடைசிக் கடைவரை போனது. பிறகு 'இன்ஸிராஃப்' என்று சொல்ல வேண்டும், அதாவது கலைந்து போகலாம். முதல் சொல்லைச் சொன்னவர் இரண்டாவதைச் சொல்லாமல் போகக் கூடாது என்பது படையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம். தளபதி அதை மறப்பது அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. தளபதி மறந்தார். கண் கலங்கியது, கைக்குட்டையை எடுத்தார், பேண்டுக்காரர்கள் அதையே சைகை என்று நினைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள், அவர் மேடையை விட்டு இறங்கி காரில் ஏறி வீட்டுக்குப் போய் முலூகிய்யாக் கீரையும் சோறும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

சிப்பாய்களைப் பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வரை நிறுத்தி வைத்துப் பார்த்த சார்ஜென்ட், வருவது வரட்டும் என்று தன் பொறுப்பில் கலைத்துவிட்டார். ஆனால் சார்ஜென்டின் சொல்லைச் சிப்பாய்கள் மட்டும்தான் கேட்பார்கள். பேரீச்சை மரங்களுக்கு யார் சொல்வது? மறுநாள் காலை ஊர் எழுந்து பார்த்தபோது நதிக்கரை மரங்கள் ஓலையொன்றும் அசையாமல் நிமிர்ந்து நின்றன. நதியில் மிதந்து வந்த ஆகாயத்தாமரை வரிசை கட்டி நின்றது. மாடிகளில் காயப்போட்ட துணி கொடியிலிருந்து கஞ்சி போட்டதுபோல் நேராகத் தொங்கியது, புறாக்கள் கூண்டுகளின் மேல் ஒரே இடைவெளி விட்டு ஒரே திசை பார்த்து நின்றன, வண்டிக் கழுதைகள் நான்கு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு நகர மறுத்தன, தேநீர்க் கண்ணாடிக் குவளைகளிலிருந்து ஆவி நூல் பிடித்தது போல மேலே போனது.

மனிதர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எகிப்தியனுக்கு எந்த உத்தரவையும் மரியாதையாகக் காதில் வாங்கிக்கொண்டு, 'தமாம், யா ஃபந்திம்', அதாவது 'சரிங்க ஐயா', என்று சொல்லிவிட்டு, தன் வேலையைத் தன் போக்கில் பார்க்கத் தெரியும். அது பல ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

அதனால் ஊர் அலட்டிக்கொள்ளாமல் விறைப்புக்குப் பழகியது. ரொட்டி உப்ப மறுத்தது. பேக்கரிக்காரர் அந்தத் தட்டையான ரொட்டிக்குப் 'பட்டாளத்து ரொட்டி' என்று பெயர் வைத்தார், பக்கத்து ஊர்களிலிருந்து வந்து வாங்கினார்கள். காப்பிக்கடையில் பகடையை உருட்டினால் அது விளிம்பில் நின்றது. ஆட்டத்தின் விதியை மாற்றிக்கொண்டு ஆடினார்கள். தொழுகை வரிசையை நேராக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போயிருந்த இமாம், பாய்கள் தாமாகவே நேராகக் கிடப்பதைப் பார்த்து அல்லாஹ்வைப் புகழ்ந்தார். தேவாலயத்தில் மெழுகுவர்த்திச் சுடர் ஆடவேயில்லை. பாதிரியார் அபூனா மிக்காயீல் அதை ஒரு ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டார். பேரீச்சம்பழம் பழுத்தும் விழாமல் நின்றது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் முறையிடக் கிளம்பிய மரமேறிகள் முகாமின் வாசல்வரை போய், 'தளபதி நினைவா இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும்' என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

தளபதிக்கு விஷயம் முதல் நாளே புரிந்துவிட்டது. பால்கனியில் நின்று பார்த்தார், கை தானாக நெற்றிக்குப் போனது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. சீருடையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, காரும் ஓட்டுநரும் போயாயிற்று, தொலைபேசி மணி அடிப்பது குறைந்துவிட்டது. ஆனால் அதோ ஒரு நதி அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது.

"ஒரு வார்த்தை பாக்கி வச்சிட்டு வந்திருக்கீங்க போல," என்றாள் மனைவி இஃப்பத். அவளும் எத்தனையோ முகாம் குடியிருப்புகளில் காலம் தள்ளியவள், பயிற்சி உத்தரவுகள் அவளுக்கும் மனப்பாடம்.

"சொல்லிக்கலாம். என்ன அவசரம்?"

அவசரம் இல்லை என்று ஆக்கியவர் தல்அத் பே. கெய்ரோவில் பெரிய இடத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவர். கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார், நதிக்கரையில் இறங்கி நடந்தார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வக்தி பாஷா, நாங்க எத்தனை வருஷமா, எத்தனை ஆளை வச்சு, இதைக் கொண்டுவரப் பாக்கிறோம் தெரியுமா? நீங்க ஒரே வார்த்தையில முடிச்சிருக்கீங்க. புது ஆளுநர் பட்டியல் தயாராகுது. இந்த மாகாணத்துக்கு உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். ஒண்ணே ஒண்ணு, பட்டியல் வர்ற வரைக்கும் ஊர் இப்படியே இருக்கணும். அப்புறம் மாகாணம் முழுக்க ஒரு தடவை குரல் குடுத்துடலாம்."

தளபதி அன்று இரவு உணவை நின்றபடியே சாப்பிட்டார், உட்காரத் தோன்றவில்லை.

தளபதியின் ஒரே மகள் நிவீன் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சி உம் ஸாமிஹ் அவளைப் பார்க்க வந்தாள், வயிற்றைத் தடவினாள், எண்ணெய் கேட்டாள், மறுபடி தடவினாள், பிறகு இஃப்பத்தைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"பிள்ளை தலைகீழா திரும்பலை, அம்மா. நிக்குது. நேரா நிக்குது. ரெண்டு காலையும் சேத்து, ரெண்டு கையையும் ஒட்டி வச்சுக்கிட்டு. நானும் திருப்பிப் பாத்தேன், தூண் மாதிரி இருக்கு."

"ஒண்ணு ரெண்டு பிள்ளை அப்படி நிக்கிறது உண்டுதானே?"

"ஒண்ணு ரெண்டா? ஊர்ல இந்த மாசம் பிள்ளை பெற வேண்டிய அத்தனை பேருக்கும் இப்படித்தான். நாள் தாண்டியும் ஒருத்திக்கும் வலி வரலை. ஆட்டுக்குட்டிகூடப் பிறக்கலை."

பெரியவர்கள் அந்தக் குரலை ஒரு காதில் வாங்கி மறு காதால் விட்டிருந்தார்கள். வயிற்றுக்குள் இருந்தவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை. அவர்கள் கேட்ட முதல் சொல் அது, அதற்குக் கீழ்ப்படிந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

இஃப்பத் பால்கனிக்கு வந்து, நிவீனின் அப்பா என்று ஊர் வழக்கப்படி கூப்பிட்டாள். "அபூ நிவீன், போய்ச் சொல்லிட்டு வாங்க. ஒரு வார்த்தை."

"பட்டியல் வந்துடும். இன்னிக்கோ நாளைக்கோ."

"உங்க பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

"எனக்குத் தெரியாதா? டாக்டர் மக்ரம் இருக்கார், பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, இந்தக் காலத்துல யார் இதுக்கெல்லாம் பயப்படுறாங்க?" என்றவர், அவள் முகத்தைப் பார்க்காமல் குரலைத் தணித்தார். "எங்கப்பா கை சலாமில நின்னதை நான் உன்கிட்ட சொல்லியிருக்கேன் இஃப்பத். வேற எதுவும் நான் கேட்டதில்லை."

அது பொய் இல்லை. அவர் வேறு எதுவும் கேட்டதில்லை என்பது அவளுக்கும் தெரியும், அதனால்தான் அவளால் அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டு மகளோடு போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் நிவீனுக்கு வலி வராமலே பனிக்குடம் உடைந்தது. நதிக்கரைச் சாலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், டாக்டர் மக்ரம் வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார், பெண் பிள்ளை. எடுத்தவர் கையில் அது படுக்கவில்லை, நின்றது. கண் திறந்திருந்தது, நேரே முன்னால் பார்த்தது, மூச்சு சீராக வந்தது, வாய் மூடியிருந்தது. அழுகைக்காக உள்ளங்காலில் தட்டினார். இரண்டு குதிகால்களும் ஒன்றோடொன்று சேர்ந்தன. நர்ஸ் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள், இன்னொருத்தி பிஸ்மில்லாஹ் என்றாள்.

பேத்தியைத் துணியில் சுற்றித் தளபதியிடம் காட்டினார்கள். ஒரு கணம், மறைத்துப் பிரயோசனம் இல்லை, அவருக்குப் பெருமையாக இருந்தது. என்ன நேர்த்தி, என்ன தாடை, என்று அவருக்குள் இருந்த பழைய ஆய்வு அதிகாரி வியந்தார். அந்தப் பெருமை வந்த வேகத்திலேயே போனது. அணிவகுப்பில் அவர் பார்த்த முகங்கள் அத்தனையும் அந்த உள்ளங்கையளவு முகத்தில் தெரிந்தன. இத்தனை வருஷமாக அவற்றை நேர்த்தி என்று நினைத்திருந்தாரே, அவற்றில் எதிலாவது சந்தோஷம் இருந்ததா என்று ஒரு நாளும் பார்த்ததில்லையே என்று இருந்தது.

இஃப்பத் பிள்ளையை வாங்கி நிவீனின் மார்பில் வைத்தாள். உதடு திறக்கவில்லை. ஒரு சொட்டுப் பால் கன்னத்தில் வழிந்து கழுத்துக்குப் போனது, அதையும் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

"பாபா," என்றாள் நிவீன், மயக்கம் பாதி தெளிந்த குரலில், "இவ ஏன் என்னைப் பாக்க மாட்டேங்குறா?"

டாக்டர் மக்ரம் தளபதியை ஓரமாக அழைத்தார். "பால் குடுக்கக் குழாய் போடப் பாத்தேன், ஃபந்திம், உள்ள போகலை. சாயந்திரம் வரைக்கும் பிள்ளை தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

அந்த நேரம் பார்த்துத் தளபதியின் கைபேசி அடித்தது. தல்அத் பே.

"மப்ரூக், வாழ்த்துகள் பாஷா! இன்னிக்குச் சாயந்திரச் செய்தியில பட்டியல். மத்தியானம் கேமராக்காரங்க வர்றாங்க, நதியைப் படம் பிடிச்சுப் பெரியவர்கிட்ட காட்டணும். சாயந்திரம் வரைக்கும் ஒரு இலை அசையக் கூடாது, சரியா?"

"சரி" என்றுதான் சொன்னார் தளபதி. வாய் பழகிப்போயிருந்தது.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். பெரிய பதவியில் இருந்த எவரும் முதலில் செய்கிற காரியம்தான். ஊர் அப்படியே இருக்கட்டும், என் வீட்டுப் பிள்ளையை மட்டும் விடுவித்துக்கொள்கிறேன் என்று, பேத்தியின் காதருகே குனிந்து, மற்றவர் யாருக்கும் கேட்காதபடி, 'இன்ஸிராஃப்' என்றார். பிள்ளை அசையவில்லை. மறுபடி சொன்னார், கெஞ்சுகிற மாதிரி. அணிவகுப்பிலிருந்து ஒரு ஆளை மட்டும் கலைக்க முடியாது. நிறுத்தினால் எல்லாரையும் நிறுத்த வேண்டும், கலைத்தால் எல்லாரையும் கலைக்க வேண்டும். அதுவும் முதல் வாரப் பாடம்தான்.

இஃப்பத் அவர் குனிந்ததையும் நிமிர்ந்ததையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். "பசியில நிக்கிறா வக்தி," என்று மட்டும் சொன்னாள்.

அவர் வெளியே வந்தார். தாழ்வாரம் நெடுக நிறைவயிற்றுப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள், கூட வந்த அம்மாக்கள், மாமியார்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். இவர்தான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் ஏசவில்லை. ஒரு மீனவன் மனைவி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து வழிவிட்டு, "பேத்தியாமே, மப்ரூக், பாஷா," என்றாள், அவள் முகத்தில் கேலி இல்லை. தளபதி தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டிப் போனார்.

முகாமுக்குப் போகலாம் என்று நினைத்தார். ஆனால் சீட்டு இல்லாமல் இப்போது அவரை உள்ளே விட மாட்டார்கள், அந்த விதியைப் போட்டவரே அவர்தான். ஆஸ்பத்திரிக்கு எதிரே நதிக்கரைச் சாலையில், கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில், கசங்கிய சட்டையோடு நின்றார். தாடையை உயர்த்தினார், நெஞ்சை நிமிர்த்தினார், வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. நிற்கச் சொல்கிற சொல்லுக்கு அந்தத் தொண்டை எத்தனையோ வருஷம் உழைத்திருக்கிறது. போகச் சொல்கிற சொல்லை எப்போதும் பின்குறிப்பு மாதிரித்தான் சொல்லி வந்திருக்கிறார், அவர்கள் கலைந்து போவதை ஒரு நாளும் விரும்பிச் சொன்னதில்லை.

"என்ன ஹாக், பெரியவரே, தொண்டை கட்டிக்கிச்சா? இந்தாங்க, குடிங்க," என்று கரும்புச்சாறுக்காரர் ஒரு குவளையை நீட்டினார். சீருடை இல்லாமல் நின்றவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தளபதி ஒரே மூச்சில் குடித்தார். சாலையின் வளைவில் தொலைக்காட்சி வேன் ஒன்று திரும்பி வருவது தெரிந்தது. அந்தக் கறுப்புக் காரின் பின்சீட்டை அவர் கடைசியாக ஒருமுறை நினைத்துப் பார்த்தார், அதன் தோல் வாசனைகூட மூக்குக்கு வந்தது. பிறகு குவளையை வண்டி மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"இன்ஸிராஃப்!"

பேரீச்சம்பழங்கள்தான் முதலில் கேட்டன. வாரக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்த குலைகள் ஒரேயடியாகக் கையை விட, நதிக்கரை முழுக்கப் பழமழை பெய்தது, தொலைக்காட்சி வேனின் கண்ணாடி மேல், கரும்புச்சாறு வண்டி மேல், இமாமின் தலைப்பாகை மேல். ஆகாயத்தாமரை வரிசை உடைந்து தள்ளுமுள்ளு செய்துகொண்டு கடலை நோக்கிப் போனது, கொடிகளில் துணிகள் பறந்து அடுத்த வீட்டு மாடிகளில் போய் விழுந்தன, புறாக்கள் எந்தத் திசைக்கு என்று தெரியாமல் எல்லாத் திசைக்கும் பறந்தன, பேக்கரி அடுப்புக்குள் ரொட்டிகள் பந்து பந்தாக உப்பின, கழுதைகள் கத்திய கத்தலில் காப்பிக்கடையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஐயோ திரும்புது, ஐயோ உதைக்குது என்று சிரித்தார்கள், அழுதார்கள், உம் ஸாமிஹ் யாரிடம் முதலில் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் நின்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

தளபதி சாலையைக் கடக்கப் பார்த்தார். யாரும் வழிவிடவில்லை. கழுதை வண்டிக்காரன் ஒருவன், "ஓரமா போ ஹாக், கண்ணு தெரியலையா!" என்று திட்டிக்கொண்டு போனான். அவர் ஓரமாகப் போனார், காத்திருந்தார், இடைவெளி கிடைத்ததும் ஓடினார்.

சாயங்காலம் நிவீனின் அறை நிறைய உறவுக்காரர்கள். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தளபதியின் மடியில் பேத்தி. வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு, அதற்குப் பிறகும் எதற்கென்று தெரியாமல், முகம் சிவக்க, கையும் காலும் எட்டுத் திசைக்கும் வீச, வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள். தல்அத் பேயிடமிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. பட்டியல் மாறியிருக்கலாம், நேரம் இல்லாமல் மாறாமலும் போயிருக்கலாம். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. புதிய ஆளுநர்களின் பெயர்கள் என்று செய்தி வாசிப்பவர் தொடங்கியதும் அறை அமைதியானது. பேத்தி மட்டும் அமைதியாகவில்லை.

மருமகன் பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். "குடுங்க மாமா, வெளியில கொண்டுபோறேன். உங்களுக்குக் கேக்காது."

"இருக்கட்டும்," என்றார் தளபதி.

மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அவருடைய மாகாணத்தின் பெயர் வந்தபோது பேத்தி அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, தாத்தாவின் தொண்டை அப்படியே தனக்கு வந்திருக்கிறது என்று ஊருக்கே தெரிகிற மாதிரி ஒரு கத்தல் கத்தினாள். வாசிப்பவரின் உதடுகள் அசைந்தன, ஒரு பெயரைச் சொல்லி முடித்து அடுத்த மாகாணத்துக்குப் போயின. உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க பேரா சொன்னாங்க?" என்று இஃப்பத் அவர் காதருகே வந்து சத்தமாகக் கேட்டாள்.

"காதுல விழலை," என்றார் அவர், பேத்தியின் கால் தன் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டிருந்ததை மெதுவாக விடுவித்தபடி. "நல்லா அழறா, பாரு."